முதல் வாத்தை வைத்தது யார்?

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும், அவளுடைய வலது முழங்காலைத் தவிர, எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், நீயும் ‘சுகம் அப்பா’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவாய். இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போனில் மாப்பிள்ளையின் குரலே இல்லை. முதல் வாரம் குளிக்கிறார் என்றாய், அடுத்த வாரம் தூங்குகிறார் என்றாய், போன வாரம் மறுபடியும் குளிக்கிறார் என்றாய். இவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எந்த விஷயத்துக்கும் நேராக வரத் தெரியாதவன் உன் அப்பன் என்பது உனக்குத் தெரியும், அதனால் வாத்துகளில் ஆரம்பிக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ ‘வேற என்னப்பா’ என்று கேட்டுவிடுகிறாய், அதற்குப் பிறகு வேறு ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

வீடு மாறப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, பதினெட்டாம் தேதி என்று முடிவாகிவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்குவது இனி அம்மாவால் ஆகாது. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு. அவள் போன உடனே இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டாள், முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளந்து கர்ட்டன் தைத்தவளுக்கு அளக்காமல் எதன் மேலும் நம்பிக்கை வராது. அந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் அலமாரி, மூன்றடி நான்கு அங்குலம், இரண்டு தட்டு. நம் வீட்டிலோ நூற்று எண்பத்து மூன்று வாத்து. போன புதன்கிழமை வரைக்கும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் வாத்து அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிடுவேன். மூன்று மணிக்கு எதிர் ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும், கர்ட்டன் அசையும், அலமாரிக் கண்ணாடியில் ஒளி நெளியும். உடனே நூற்று எண்பத்து மூன்றும் ஒரே பக்கமாக மெதுவாக நீந்த ஆரம்பிக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் இன்னும் நன்றாக நீந்தும். பின்சுவரில் அவற்றின் நிழல்கள் வேறு ஒரு கூட்டமாகப் போகும். அறை முழுக்கத் தண்ணீர் ஏறி, நாற்காலியோடு நானும் தரையை விட்டு லேசாக மிதந்து போவதுபோல ஒரு சுகம். அந்த அரைத் தூக்கத்தில் கதவு திறக்கும், நீ பள்ளிக்கூடப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாய், ஒரு செருப்பு இங்கே கிடக்கும் ஒரு செருப்பு அங்கே கிடக்கும். நான் கண்ணை முழுக்கத் திறக்கமாட்டேன். திறந்தால் உனக்கு முப்பத்து நாலு வயதாகிவிடும், இங்கே பகல் என்றால் அங்கே விடிந்திருக்காது என்ற கணக்கெல்லாம் வந்துவிடும்.

இத்தனை வாத்து எப்படிச் சேர்ந்தது என்று வீடு பார்க்க வந்த புரோக்கர் கேட்டார். சேர்க்கவேண்டும் என்று யார் நினைத்தது? வீட்டில் ஒரு பொம்மை இருந்தால் அது அழகுக்கு வைத்தது. இரண்டு இருந்தால் ஜோடி. மூன்றாவது வந்தால் போயிற்று, வருகிறவர்கள் எல்லோரும் ‘ஓ, உங்களுக்கு வாத்துன்னா இஷ்டமா’ என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நமக்கு என்ன வாங்குவது என்று யாருக்கும் கவலை இல்லை. உன் அத்தை வாத்து வடிவத்தில் சோப்பு கொண்டுவந்தாள், அது இருபது வருஷமாகக் கரையாமல் இருக்கிறது, அதைத் தொட்டு யாராவது கை கழுவிவிடுவார்களோ என்று அவளே ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நான் வேலையை விட்ட அன்று பல் டாக்டர் பித்தளை வாத்து கொடுத்தார், அவர் இத்தனை வருஷமும் அனுப்பிய வாய்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுத்ததற்கு நன்றியாம். அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைத்தவள் ஊரை விட்டே போகும்போது ஒரு கண்ணாடி வாத்தைக் கைக்குட்டையில் சுற்றி இவள் மேஜை டிராயரில் வைத்துவிட்டு, நேரில் சொல்லிக்கொள்ளாமலே போனாள். பீங்கான் வாத்துக்கு அலகு உடைந்தபோது நான் பல்லுக்குப் போடுகிற கலவையில் புது அலகு வைத்தேன், ‘இப்ப இது சிரிச்சா நல்லாருக்கும்பா’ என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கூரியர்காரர் முதற்கொண்டு நம் வீட்டை ‘வாத்து வீடு’ என்றுதான் சொல்வார். இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு வாத்து அப்படி ஒன்றும் பிடித்த பிராணி இல்லை. உன் அம்மாவுக்கு உயிர் என்று நினைத்து வாங்கிக்கொண்டே இருந்தேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்பது உனக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும் என்று போன புதன்கிழமைதான் தெரிந்தது. உனக்கு ஏழு வயது. அம்மாவின் கர்ட்டன் கடை முதலாளி பக்கத்து நகரத்தில் இன்னொரு கடை திறந்தார், அதை முழுக்க அவள் பொறுப்பில் விடுகிறேன் என்று சொல்ல வீட்டுக்குப் போன் செய்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள் (அது நிஜமான குளியல்). நான் எடுத்தேன். ‘அவங்களுக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க, குழந்தை சின்னது’ என்று நானே பதில் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, பேப்பரைப் படிக்கப் போய்விட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காததையும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருத்தி அந்தக் கடைக்குப் போகிறாள் என்று தெரிந்து அவள் முதலாளியிடம் கேட்க, அவர் ‘உங்க வீட்டுக்காரர்தானேம்மா வேண்டாம்னாரு’ என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நின்றது பேச்சு. அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுவிட்டு இரண்டு நாளில் சரியாகியிருப்பேன். அவள் ஒன்றுமே பேசவில்லை. எனக்கோ தப்பு என்னுடையது என்று நன்றாகத் தெரிந்ததாலேயே ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வாரம், ஒரே வீட்டில், நடுவில் நீ. ‘அப்பாகிட்ட சொல்லு, குழாய் ஒழுகுதுன்னு.’ ‘அம்மாகிட்ட சொல்லு, ஆளை வரச் சொல்லியிருக்கேன்னு.’ ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு உப்பைக்கூட உன் வழியாகக் கேட்டிருக்கிறோம். நீ ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வாய். கெட்டிக்காரப் பெண் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன் பார், அதை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் ஒருநாள் ஃபிரிட்ஜ் மேல் ஒரு நீல வாத்து உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலம், கனமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து. இது எங்கேர்ந்து வந்தது என்று உன்னிடம் கேட்டேன், ‘அம்மா வெச்சாங்க’ என்றாய். தூக்கிப் பார்த்தால் அடியில் நீலக்கோடு போட்ட கர்ட்டன் துணி ஒட்டியிருந்தது, அவள் கடைச் சாம்பிள் துணி. சந்தேகமே இல்லை, இவள்தான் இறங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது கடையில் ஒரு வெள்ளை வாத்து வாங்கிவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாளில் மூன்றாவதாக ஒரு மர வாத்து வந்தது. நான்காவது நான் வாங்கினேன். ஐந்தாவது வந்த அன்று உன் அம்மா என்னைப் பார்த்து, நேராக என்னையே பார்த்து, ‘டீ போடட்டுமா’ என்று கேட்டாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என்ன, கோபம் வந்தால் ஒரு வாத்து, சமாதானத்துக்கு ஒரு வாத்து, உன்னைக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டு வந்த வாரம் மட்டும் ஆளுக்கு மூன்று.

புதன்கிழமை கட்டிவைக்க உட்கார்ந்தோம். நான் பேப்பரில் சுற்றுவது, அம்மா அட்டைப்பெட்டியில் அடுக்குவது. நீல வாத்தை எடுத்ததும் அவள், ‘அதை என்கிட்ட குடுங்க, நீங்க மொத மொதல்ல எனக்கு வாங்கிக் குடுத்தது, அது எங்கூட கைப்பையில வரும்’ என்றாள். நான் வாங்கினதா, நீ வாங்கினதல்லவா என்றேன். அவள் விளையாடாதீர்கள் என்றாள். நானும் விளையாடாதே என்றேன். உனக்கு எப்படிச் சொல்வேன், இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது, வயதாகிவிட்டது, யாருக்கோ ஞாபகம் கழன்றுபோய்விட்டது, அது யாருக்கு என்று. அந்தப் பயத்தில் அவள் வாங்கப் போக நான் கொடுக்கப் போக, வாத்து தரையில் விழுந்தது. உடையவில்லை, வால் நுனி மட்டும் பெயர்ந்தது. குனிந்து எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மஞ்சள். கடையில் விற்கிற பொம்மைக்குள் வெள்ளை மாவுதான் இருக்கும், அம்மாடி. அந்த மஞ்சள் மாவு, பல் அச்சில் ஊற்றுகிற மாவு, அதை நான் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் சுரண்டியே சொல்லிவிடுவேன். பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி முழுக்கப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு மேடு ஓடும் பார், எந்த மடையன் செய்தானோ ஓரத்தைத் தேய்க்கக்கூட இல்லை என்று இருபத்தேழு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, அது பல் அச்சு எடுக்கிற பசையைக் கத்தியால் கீறித் திறந்த இடம். நான் தினம் செய்த அதே கீறல். பள்ளிக்கூடம் விட்டு என் பல் செட் பட்டறைக்கு வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்து மிச்சப் பசையில் உன் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி விளையாடுவாய். விரல் சலித்துப்போய் ஒருநாள் குளியலறை ரப்பர் வாத்தை எடுத்துவந்து பசையில் அமுக்கி, அந்த அச்சில் மாவை ஊற்றியிருக்கிறாய். பட்டறைக் கதவுக்கு அடித்த நீலப் பெயிண்ட், அம்மாவின் துணிப் பையிலிருந்து ஒரு துண்டு. அந்த ரப்பர் வாத்து அதற்கப்புறமும் இரண்டு வருஷம் பக்கெட்டில் மிதந்துகொண்டிருந்தது, இந்த நீல வாத்தின் அச்சு அசலாக, நாங்கள் தினமும் இரண்டையும் பார்த்தோம். அம்மா அப்போதுதான் சொன்னாள், உன்னிடம் அவளும் கேட்டாளாம், நீ ‘அப்பா வெச்சாரு’ என்றாயாம். மோந்து பார்த்தாளாம், என் பட்டறைப் பெயிண்ட் வாசனை. அது போதும் என்று அவளும் நம்பிவிட்டாள். அவளுக்கும் வாத்து பிடிக்காது. ஒரே வீட்டில் இரண்டு வாத்து மடையர்கள் இருபத்தேழு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம்.

சிரித்தோம், நன்றாகச் சிரித்தோம், அம்மாவுக்கு இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஓய்ந்து, சுற்றிலும் பேப்பரும் வாத்துமாக உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி வெயில் வந்தது. அலமாரி பாதி காலி, மிச்சம் இருந்தவை மட்டும் நீந்தின. அப்போது எனக்கு உறைத்தது, அந்த வாத்து, நான் நினைத்ததுபோல அவள் என்னை மன்னித்து வைத்ததும் இல்லை, அவள் நினைத்ததுபோல நான் மன்னிப்புக் கேட்டு வைத்ததும் இல்லை. நான் மன்னிப்பே கேட்கவில்லை. அதனால் அங்கேயே சொன்னேன். ‘அந்தக் கடை வேலையை நான் வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாது. உன்னைக் கேட்டிருக்கணும். தப்பு’ என்றேன். அவள் ஒரு வாத்தைப் பேப்பரில் சுற்றி முடித்து, பெட்டியில் வைத்து, ‘இதைச் சொல்ல உங்களுக்கு இருபத்தேழு வருஷமும் நூத்தி எண்பத்து மூணு வாத்தும் ஆச்சு’ என்றாள். அப்புறம் இன்னொன்று சொன்னாள். அந்தக் கடையை ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம், என்னிடம் சொல்லாமல். ‘பதினோரு ஜன்னல். கர்ட்டன் எல்லாம் அரை அங்குலம் கோணல்’ என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கோணவில்லை, ஆனால் கையில் இருந்த பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள், மடிக்க இடம் இல்லாத அளவுக்கு. வாத்துகளை மட்டும் வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். சரியாகத்தான் இருந்தோம், சந்தோஷமாகவும் இருந்தோம், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்திருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ வருவதற்குள் குட்டி போனை எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றேன். ‘அப்பா அந்த ரூம்ல இருக்காரு தாத்தா, அம்மா இந்த ரூம்ல இருக்காங்க. ரெண்டு ரூமுக்கும் நான்தான் போய்ப் போய்ச் சொல்றேன். எனக்கு நிறைய வேலை’ என்றாள். பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு வேறு. நான் சிரித்துவிட்டேன். அதற்குள் நீ வாங்கிப் பேசினாய், குளிக்கிறார் என்றாய். புதன்கிழமை அந்த மஞ்சள் மாவைப் பார்க்கிறவரைக்கும் நான் குட்டியின் பேச்சை விளையாட்டாகத்தான் நினைத்திருந்தேன். பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை பட்டறை மூலையில் யாருக்கும் தெரியாமல் மாவு கரைத்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து, இரண்டு பேரிடமும் இரண்டு பொய் சொல்லி, அந்தப் பொய்யை இந்த வயது வரைக்கும் வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறாய். நாங்கள் பேசியிருந்தால் உனக்கு அந்த வேலை இருந்திருக்காது. அதற்காக உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், மகளே. கேட்டே ஆகவேண்டும் என்று அம்மாவும் சொன்னாள். ‘அவளுக்கு நீங்களே எழுதுங்க, நான் எழுதினா அழுதுடுவேன், நீங்க எழுதினா சுத்தி வளைச்சு எப்படியாவது போய்ச் சேர்ந்துடுவீங்க’ என்றாள்.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. யார் மேல் தப்பு என்றும் கேட்கவில்லை, என் மகள் மேல் இருக்காது என்று வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். பொறுத்துப் போ என்றும் சொல்லமாட்டேன், நான் சொல்லத் தகுதி உள்ளவன் இல்லை. பேசுங்கள் என்று மட்டும் சொல்கிறேன், சத்தம் போட்டாவது. பேசிச் சேர்ந்தாலும் சரி, பேசிப் பிரிந்தாலும் சரி, அதை உங்கள் வாயால் செய்யுங்கள். இந்தக் கடிதத்தோடு பார்சலில் நீல வாத்து வருகிறது. வாலை நான் சரிசெய்யவில்லை, ஐந்து நிமிஷ வேலைதான், மஞ்சள் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். அதை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வை. யார் வைத்தது என்று அவர் கேட்டால், ‘நான்தான்’ என்று சொல். அதற்கு மேல் என்ன சொல்வது என்று உனக்கே வரும். வைக்க மனசே வரவில்லை என்றால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு குட்டியோடு இங்கே வந்துவிடு. மற்ற வாத்துகளைப் பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கிற குழந்தைகளுக்கும், மாடி வீட்டுக்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம், சோப்பு வாத்து அத்தைக்கே போகிறது. முப்பத்தெட்டு மட்டும் எங்களோடு வருகின்றன. புது அலமாரியில் மேல்தட்டின் நடுவில் நாலு அங்குலத்துக்கு அம்மா தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அங்கே எதையும் வைக்க விடமாட்டாள்.

நீங்கள் மூன்று பேரும் எப்படி இருந்தாலும், எங்கே இருந்தாலும், மனசு லேசாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது, பதினெட்டாம் தேதிக்குப் பிறகு அதற்கு எழுது. மறக்காமல் ஒன்று. பார்சல் வந்ததும் குட்டி ஓடிவந்து நான்தான் பிரிப்பேன் என்று நிற்பாள், விடாதே. நீயே பிரி, நீயே எடுத்து வை. அவளுக்கு ஏற்கெனவே நிறைய வேலை.

உன் நலனையே நினைத்திருக்கும்
அப்பா